முஸாஃபிர் என்றால் விருந்தாளி



இஸ்தான்புல் நகரைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உம்றாவுக்குப் போய் வரும் வழியில் இரண்டு நாள் அங்கே தங்கி வந்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நீலப் பள்ளிவாசலையும் ஆயா சோஃபியாவையும் படம் பிடித்து வந்து காட்டியிருப்பார்கள். நான் உங்களை அழைத்துப் போக விரும்புவது அந்த இடங்களுக்கு அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், ஆசியக் கரையில், உஸ்குதார் என்ற பகுதியிலுள்ள ஒரு வீட்டுக் குசினிக்கு. அங்கே போவதற்கு விமானச் சீட்டு மட்டும் போதாது. கொஞ்சம் துருக்கி மொழியும் வேண்டும். ஆகவே பயணத்தை நம் வீட்டுக் குசினியிலிருந்தே தொடங்குவோம்.

ஏன் இந்த வயதில்?

என் மகன் மேற்படிப்புக்காக இஸ்தான்புல்லுக்குப் போனவன். படிப்பு முடிந்து அங்கேயே தொழில் எடுத்தான். பிறகு அந்த ஊர்ப் பிள்ளையையே நிக்காஹ் செய்துகொண்டான். நல்ல குடும்பம், தீனுள்ள பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நிக்காஹ்வை நாங்கள் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தோம். மணப்பெண்ணின் உம்மா திரையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஏதோ சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஊமைகள் மாதிரிக் கையசைத்துக்கொண்டு பிரிந்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் கடல் கடந்து போனது ஒரு தூரம் என்றால், அவனுடைய வீட்டில் நான் வாய் திறக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய தூரமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் மகனிடம் கேட்டேன்: "மகன், சம்பந்தி என்பதற்கு அவர்களுடைய மொழியில் சொல் இருக்கிறதா?"

"இருக்கிறது உம்மா. துனுர் என்பார்கள்" என்றான்.

ஆங்கிலத்தில் தேடினாலும் இதற்கு ஒற்றைச் சொல் கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் இடையிலுள்ள உறவுக்குப் பெயர் வைத்திருக்கும் மொழி நமக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது என்று மனசில் பட்டது. "நான் வரும்போது துனுருடன் கதைக்கவேண்டும்" என்றேன். மகன் சில ஒலிப்பாடங்களைத் தேடிப் பிடித்து அனுப்பி வைத்தான்.

குசினியில் ஒரு ஓதப்பள்ளி

ஒலிப்பாடம் என்றால் என்னவென்று கேட்பீர்கள். புத்தகம் இல்லை, பேனா இல்லை. காதும் வாயும் போதும். ஆசிரியர் ஒரு வசனத்தைச் சொல்லித் தருவார். பிறகு "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சில விநாடிகள் மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தில்தான் நீங்கள் பதில் சொல்லவேண்டும். அதன் பின் துருக்கியர் ஒருவர் சரியான பதிலைச் சொல்வார். உங்கள் பிழை உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

தேங்காய் திருவும்போதும், கறி கொதிக்கும்போதும், உடுப்பு மடிக்கும்போதும் தினம் அரை மணி நேரம் கேட்டேன். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. முதல் வாரம் அடுத்த வீட்டு மச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாருடன் சண்டை பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்!

இந்த மாதிரிப் பாடங்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் போல் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1967 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், புதிய சொல் மனசில் நிற்க அதை எந்த இடைவெளியில் நினைவூட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முதலில் 5 விநாடி, பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி நேரம், 5 மணி நேரம், ஒரு நாள், 5 நாள் என்று இடைவெளி விரிந்துகொண்டே போகும். மறக்கப்போகும் தறுவாயில் மீண்டும் கேட்டால் சொல் ஆழமாகப் பதியும் என்பது அவருடைய கருத்து.

நமக்கு இது புதிய விடயமா, சொல்லுங்கள்? ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தர நாம் திருப்பிச் சொன்னோம். நேற்றைய பாடத்தை இன்றும், போன வாரத்துப் பாடத்தை வெள்ளிக்கிழமையும் ஒப்பித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத நம் உம்மம்மாமார் யாஸீன் சூராவை முழுவதும் மனனமாக ஓதினார்கள். காதால் படிப்பது நம் பெண்களுக்குப் பழகிய கல்வி.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் கேட்ட ஒரு பாடத்தொகுதி ஹோட்டலில் தங்கும் வியாபாரிகளுக்காகச் செய்ததுபோல் இருந்தது. அதில் வரும் மனிதர் பாடத்துக்குப் பாடம் பியர் குடிக்க அழைக்கிறார். நான் அந்த இடத்தில் மட்டும் "அய்ரான்" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டேன். அய்ரான் என்பது அவர்கள் குடிக்கும் உப்பு மோர். வசனமும் கெடவில்லை, மனசும் கெடவில்லை.

தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வழி

நான் கேட்டவை ஆங்கில வழிப் பாடங்கள். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மிகக் கடினம் என்று ஆசிரியர் நின்று நின்று விளக்கிய இடங்களை எல்லாம் நான் கறியைக் கிளறிக்கொண்டே தாண்டிப் போனேன். ஏன் தெரியுமா? அந்த இடங்களில் துருக்கி மொழி தமிழைப் போலவே நடக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனால் வீடு கட்டும் முறை ஒன்று.

"எவ்" என்றால் வீடு. "எவ்லெர்" என்றால் வீடுகள். "எவ்லெர்தெ" என்றால் வீடுகளில். வீடு, கள், இல். எவ், லெர், தெ. கல்லுக்குக் கல் ஒத்துப் போகிறதல்லவா? வினைச்சொல்லையும் பாருங்கள். "கெல்" என்றால் வா. "கெலியோரும்" என்றால் வருகிறேன். கெல் என்பது வரு, இயோர் என்பது கிற், உம் என்பது ஏன். வினைச்சொல் நம் வசனத்தைப் போலவே கடைசியில்தான் வரும். "வருகிறீர்களா?" என்று கேட்க "கெலியோர் முஸுனுஸ்?" என்பார்கள். நம்முடைய கேள்வி "ஆ" கடைசியில் நிற்கும். அவர்களுடைய "மு" கடைசிக்குச் சற்று முன்னால் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நீ, நீங்கள் என்ற மரியாதையும் அவர்களிடம் ஸென், ஸிஸ் என்று இருக்கிறது.

உச்சரிப்பில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, "ஈ" என்று சொல்லிக்கொண்டே உதட்டை "ஊ"வுக்குக் குவித்தால் வரும் ஓசை. கண்ணாடி முன் நின்று பழகவேண்டும். இரண்டாவது, புள்ளி வைக்காத "இ" என்று அவர்கள் எழுதும் ஓசை. ஆங்கிலேயர் இதற்குத்தான் படாத பாடு படுகிறார்கள். நீங்கள் "காது", "பாட்டு" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவியாமல் தேய்ந்து வரும் அந்தக் குற்றியலுகரம்தான் ஏறக்குறைய அது. மூன்றாவது, ஒரு சொல்லுக்குள் உயிரோசைகள் ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டம். எவ் என்றால் லெர் வரும். கிதாப் என்றால் லார் வரும், கிதாப்லார். இதைப் படித்து மனனம் செய்யப் பார்த்தால் தலை சுற்றும். காதால் கேட்டுக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

தெரிந்த சொற்கள், மாறிய பொருள்கள்

பாடங்களில் ஒவ்வொரு நாளும் தெரிந்த முகங்களைச் சந்திப்பேன். கிதாப், கலெம், தெர்ஸ், ஜெவாப், துன்யா, ஹயாத், அகுல், ஸபுர், துஆ. எல்லாம் ஓதப்பள்ளியிலும் பயானிலும் நாம் கேட்ட அரபுச் சொற்கள்தாம். நன்றி சொல்ல "தெஷெக்குர்" என்பார்கள், உள்ளே ஷுக்ர் இருக்கிறது. "தயவுசெய்து" என்பதற்கு "லுத்ஃபென்", உள்ளே லுத்ஃப் இருக்கிறது. சனிக்கிழமைக்குப் பெயர் "ஜுமார்தெஸி", ஜும்ஆவுக்கு அடுத்த நாள்.

சில சொற்கள் பொருள் மாறி வந்து நம்மைத் திகைக்க வைக்கும். நாம் பாவமன்னிப்புக் கேட்கும்போது சொல்லும் "அஸ்தஃக்ஃபிருல்லாஹ்" அங்கே அடக்கத்துக்குரிய பதில். நீங்கள் ஒருவரைப் புகழ்ந்தால், "அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான்" என்ற பொருளில் "எஸ்தாஃபுருல்லாஹ்" என்பார்கள். "ஹாலா" என்றால் அரபியில் உம்மாவின் சகோதரி. துருக்கியில் அது வாப்பாவின் சகோதரி.

எனக்கு மிகவும் பிடித்தது "மிஸாஃபிர்". நமக்கு முஸாஃபிர் என்றால் பயணி. தொழுகையைச் சுருக்கித் தொழ அனுமதி பெற்றவர். துருக்கி மொழியில் மிஸாஃபிர் என்றால் விருந்தாளி. அரபியிலிருந்து வந்த அதே சொல்தான். ஊர் விட்டு வந்தவனுக்கு வாசல் திறந்து உட்காரவைத்த ஒரு மக்கள், "பயணி" என்ற சொல்லையே "விருந்தாளி" என்று ஆக்கிவிட்டார்கள். இந்த ஒரு சொல்லைக் கற்ற நாளில்தான் எனக்குப் போகும் துணிவு வந்தது.

பெண்கள் கட்டிய கரை

விமான நிலையத்தில் மருமகள் என் கையை முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. "ஹோஷ் கெல்தின், அன்னெ" என்றாள். நல்வரவு, உம்மா என்று பொருள். மாமியாரை உம்மா என்றே அழைப்பது அங்கு வழக்கம். அன்னெ என்ற சொல் என் காதில் அன்னை என்றே விழுந்தது. "ஹோஷ் புல்துக்" என்று நான் பதில் சொன்னதும் அவள் கண் அகல விரிந்தது. மகன் முகத்தில் வந்த சிரிப்பை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

எமினோனு துறையிலிருந்து கப்பல் ஏறினோம். 2013 முதல் கடலுக்கு அடியால் மர்மராய் ரயிலும் ஓடுகிறது. ஆனால் முதல் தடவை உஸ்குதாருக்குப் போகிறவர் கப்பலில்தான் போகவேண்டும் என்றாள் மருமகள். இடுப்பு ஒடுங்கிய சிறிய கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத தேநீர் வந்தது. நம்முடைய பிளேன்டீயின் தம்பி. கடற்பறவைகள் பக்கத்திலேயே பறந்து வந்தன. கரையை நெருங்கும்போது கடலுக்குள் தனியே நிற்கும் ஒரு சிறு கோபுரம் தெரிந்தது. "குஸ் குலெஸி" என்றாள் மருமகள். குஸ் என்றால் பெண்பிள்ளை, மகள். மகள் கோபுரம்.

சகோதரிகளே, உஸ்குதாரில் இறங்கினால் முதலில் உங்கள் கண்ணில் படுவது ஒரு பெண் கட்டுவித்த பள்ளிவாசல். சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாஹ் சுல்தானுக்காகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சினான் அமைத்தது. 1548 இல் முடிந்தது. மேட்டில் ஏறினால் அதீக் வாலிதே பள்ளி. சுல்தான் மூன்றாம் முராதின் தாய் நூர்பானு சுல்தானுக்காக அதே சினான் கட்டியது. 1583 இல் நிறைவேறியது. தொழும் இடத்துடன் மத்ரஸாவும், வைத்தியசாலையும், ஏழைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் மடைப்பள்ளியும் சேர்ந்தே அமைந்தன. துறைமுகத்துக்கு அருகே 1710 இல் முடிந்த யெனி வாலிதே பள்ளி சுல்தான் மூன்றாம் அஹ்மதின் தாயின் பெயரால் நிற்கிறது. எங்கள் காலத்திலும் இந்தத் தொடர் அறுந்துவிடவில்லை. கராஜா அஹ்மத் மையவாடிக்கு அருகில் 2009 இல் திறந்த ஷாகிரீன் பள்ளியின் உள் அலங்காரத்தை வடிவமைத்தவர் ஸெய்னெப் ஃபாதுல்லிஓலு என்ற பெண்மணி.

ஒரு நாள் என்னை ஐயூப் சுல்தானுக்கும் அழைத்துப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்த அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் இடம். முதிய வயதில் கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகைக்கு வந்து அங்கேயே வஃபாத்தானவர்கள். துருக்கியர் அவர்களை "மிஹ்மந்தார்" என்கிறார்கள். விருந்தாளியை உபசரிப்பவர் என்று பொருள். ஸலாம் சொல்லி துஆக் கேட்டபோது, இந்த நகரம் விருந்தாளிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வைக்கிறது என்று எனக்கு ஓரளவு விளங்கியது.

துனுரின் குசினி

வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டுக்குள் போடுவதற்கு வேறு செருப்புத் தந்தார் துனுர். கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யாவை ஊற்றினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆகவே "அப்லா" என்று அழைத்தேன். அப்லா என்றால் ராத்தா. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் நாங்கள் இருவரும்தான். மொழிபெயர்க்க ஆளில்லை.

ஐந்து மாதப் பாடம் எவ்வளவு தாங்கும்? உண்மையைச் சொல்கிறேன். அவர் வேகமாகக் கதைத்தால் பத்தில் இரண்டுதான் விளங்கும். அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் "ஓ" என்ற ஒரே சொல். "ஓ கெல்தி" என்றால் வந்தது மகனா, மருமகளா, பூனையா என்று வாசலைப் போய்ப் பார்த்துத்தான் அறியவேண்டும்! ஆனால் குசினியில் வசனங்கள் சிறியவை. கையும் கண்ணும் மீதியைச் சொல்லும்.

பாடங்களில் குறைவாகவும் வீட்டில் நிறையவும் கேட்டவை துஆப் போன்ற சிறு வாழ்த்துகள். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரைக் கண்டால் "கொலாய் கெல்ஸின்", வேலை இலகுவாகட்டும். சாப்பிட்டவர் சமைத்தவருக்குச் சொல்வது "எலினிஸே ஸாலுக்", உங்கள் கைக்குச் சுகம் உண்டாகட்டும். சமைத்தவரின் பதில் "ஆஃபியெத் ஒல்ஸுன்", ஆஃபியத்தாக இருக்கட்டும். நோயாளியிடம் "கெச்மிஷ் ஒல்ஸுன்", கடந்துபோனதாக ஆகட்டும். புது உடுப்பு வாங்கியவரிடம், சிரித்துச் சிரித்து உடுத்துங்கள் என்பார்கள். இவற்றில் பத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். இலக்கணம் தடுமாறினாலும் யாரும் உங்களை அந்நியராகப் பார்க்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் வட்டிலப்பம் அவித்தேன். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பால் மாவும் கொண்டு போயிருந்தேன். கருப்பட்டிக்கு என்ன சொல்வது? "ஆஆச் ஷெகெரி" என்றேன், மரத்துச் சர்க்கரை. அவர் சிரித்துவிட்டார், ஆனால் விளங்கிவிட்டது. தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டபோது "ஸென்ஜெஃபில்" என்றார். குர்ஆனில் சுவர்க்கத்துப் பானத்துக்குச் சொல்லப்பட்ட ஸன்ஜபீல்தான் அது. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் நம் தென்னாட்டு "இஞ்சி"யில் வந்து நிற்கும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் புதிதாகக் கற்றேன் என்று நினைத்த சொல், எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன சொல்!

வட்டிலப்பத்தை ருசி பார்த்துவிட்டு என் இரு கைகளையும் பிடித்து "எலினே ஸாலுக்" என்றார். "ஆஃபியெத் ஒல்ஸுன், அப்லா" என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்காக மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்.

முதல் ஏட்டில் ஒரு வரி

அடுத்த நாள் என் மூத்த வாப்பாவின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். சிவப்புத் தொப்பி, கறுப்புக் குஞ்சம். நாம் "துருக்கித் தொப்பி" என்போமே, அது. 1905 இல் இந்தத் தொப்பியுடன் நீதிமன்றத்தில் வழக்காட சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது இலங்கை முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டு குரல் கொடுத்தார்கள். துருக்கியிலோ 1925 இல் சட்டம் போட்டே அதைத் தடுத்துவிட்டார்கள். இன்று அங்கே உல்லாசப் பயணிகளுக்கு ஐஸ்கிரீம் விற்பவர் தலையில்தான் அதைப் பார்க்கலாம்.

துனுர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெதெம் கிபி" என்றார். என் பாட்டனாரைப் போல. எழுந்து போய் ஒரு துணி உறைக்குள் இருந்த பழைய குர்ஆனைக் கொண்டு வந்தார். முதல் ஏட்டில் மை மங்கிய ஒரு வரி இருந்தது. அரபு எழுத்து, ஆனால் மொழி துருக்கி.

சகோதரிகளே, 1928 நவம்பர் வரை துருக்கி மொழி அரபு எழுத்தில்தான் எழுதப்பட்டது. அந்த மாதம் வந்த சட்டம் எழுத்தை இலத்தீனுக்கு மாற்றியது. 1932 முதல் 1950 வரை பாங்கும் துருக்கி மொழியிலேயே சொல்லப்பட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளால் தம் பாட்டன்மாரின் கடிதங்களையும் மையவாடியின் மீஸான் கற்களையும் வாசிக்க முடியாமல் போயிற்று. துனுர் குர்ஆன் ஓதுபவர்தான். ஆனால் ஸேர், ஸபர் இல்லாத அந்தக் கையெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.

எனக்கு அந்த ஏட்டைப் பார்த்ததும் எங்கள் உம்மம்மாவின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வந்தன. அரபு எழுத்தில் தமிழ். உம்மம்மா மடியில் வைத்து வாசிப்பார், நான் எழுத்துக் கூட்டுவேன். "பார்க்கட்டுமா?" என்று சைகை காட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். காஃப், யே, ஸே, மீம். "கீஸம்" என்றேன். அவர் தலையசைத்தார். "கைஸம்?" திடீரென்று என் கையைப் பிடித்தார். "குஸும்!" என்றார். என் மகள்!

பிறகு ஒரு பெயர், அவருடைய உம்மாவின் பெயர். அடுத்ததை நான் தடங்கலின்றி வாசித்தேன்: "துன்யாயா." கடைசிச் சொல் என் பாடங்களில் நூறு தடவை கேட்டது: "கெல்தி." கீழே எண்கள், 1343. ஹிஜ்ரிக் கணக்கு. 1924க்கும் 1925க்கும் இடைப்பட்ட காலம்.

என் மகள் துன்யாவுக்கு வந்தாள்.

தமிழில் நாம் சொல்வதுபோலவே சொல்லுக்குச் சொல் அமைந்த வசனம். எழுத்து எனக்குத் தெரிந்தது, மொழி அவருக்குத் தெரிந்தது. நான் வாசித்தது அவர் காதில் விழுந்து பொருளாயிற்று. தன் உம்மா பிறந்த நாளில் பாட்டனார் எழுதிய வரியை, கடைசிப் பிள்ளையான அவர் அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கேட்டார். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, அவர் கேட்டார்: "குஸும் கிதெஜெக் மி?"

என் மகள் போய்விடுவாளா?

எனக்கு உடனே விளங்கியது. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. மகனும் மருமகளும் இலங்கைக்கே வந்துவிடவேண்டும் என்று ஐவேளையும் துஆக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதே ஐவேளையும் இந்தத் தாய் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து வேறு துஆக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் சிரித்த அந்த முகத்துக்குப் பின்னால் என்னுடைய பயமே இருந்தது என்று மொழி தெரியாதவரை எனக்குத் தெரியவில்லை.

முதல் பாடத்தில் கற்ற சொல்லையே சொன்னேன். "பில்மியோரும், அப்லா." தெரியாது, ராத்தா. பிறகு, "அல்லாஹ் பிலிர்." அல்லாஹ்வே அறிந்தவன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தேநீர் ஊற்றினார். அன்று அஸரை இருவரும் ஒரே விரிப்பில் தொழுதோம். என்ன துஆக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஆஃபியத்தைக் கொடு, யா அல்லாஹ் என்று மட்டும் கேட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

உங்களுக்கும் கற்கும் ஆசை வந்திருந்தால் நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் அறிமுகப் பாடங்கள் இருக்கின்றன. மொழியின் அமைப்பை விளக்கிச் சொல்பவை. வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் அரை மணிப் பாடங்களும் உண்டு. இரண்டையும் கலந்து கேட்பது நல்லது.

தினம் ஒரு பாடத்துக்கு மேல் வேண்டாம். ஆசிரியர் மௌனமாகும் நேரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் நாக்குப் பழகாது. ஆங்கில விளக்கத்தைத் தமிழில் மாற்றி யோசியுங்கள். பாதிப் பாரம் குறையும். எல்லாம் விளங்கிய பிறகு அடுத்த பாடம் என்று காத்திருக்கவேண்டாம். முக்கால்வாசி வந்தால் முன்னால் போங்கள். மீதி பின்னால் வந்து சேரும். எழுதப் படிக்கவும் வேண்டும் என்றால், இலத்தீன் எழுத்தில் இருப்பதால் கொஞ்சம் ஆங்கிலம் வாசிப்பவருக்கு ஒரு வாரம் போதும்.

தண்ணீர்போல் போய் வா

புறப்படும் நாளில் துனுர் ஒரு கிண்ணம் தண்ணீருடன் வாசலுக்கு வந்தார். வண்டி நகர்ந்ததும் அதைப் பின்னால் ஊற்றினார். தண்ணீர்போல் தடையில்லாமல் போய், தண்ணீர்போல் திரும்பி வா என்று வழியனுப்பும் அவர்களுடைய வழக்கம் அது. நான் முஸாஃபிராகப் போனேன். மிஸாஃபிராக இருந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் மருமகள் தொலைபேசியில் கேட்டாள்: "அன்னெ, எனக்கும் தமிழ் வேண்டும்." இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ளுஹருக்குப் பிறகு நான் அதே குசினியில் உட்கார்ந்து அவளுக்காக ஒலிப்பாடம் பதிவு செய்கிறேன். "உம்மா, சாப்பிட்டீர்களா?" என்று சொல்லித் தருகிறேன். பிறகு அவள் சொல்வதற்காகச் சில விநாடிகள் மௌனமாக இருக்கிறேன். அடுப்பில் கறி கொதிக்கும் சத்தம் மட்டும் அதில் பதிவாகும்.

அந்த இடைவெளியில் அவளுடைய குரலும், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சொல்லிப் பார்க்கும் துனுரின் குரலும் இருக்கும் என்று மகன் சொல்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.